அன்று முழங்கை, இன்று முதுகெலும்பு

1970-களின் மதராஸில் டென்னிஸ் காயம் என்பது நாற்பதைத் தாண்டியவர்களின் சமாச்சாரம். வங்கி மேனேஜர், வக்கீல், ஜவுளிக்கடை முதலாளி என்று சாயங்காலம் வெள்ளை அரைக்கால் சட்டையோடு கிளப்புக்கு வருகிறவர்களுக்குத்தான் முழங்கை வலிக்கும், ஆடுசதை பிடித்துக்கொள்ளும். கோர்ட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களைப் போன்ற பையன்களுக்குக் காயம் என்றால் முழங்கால் சிராய்ப்பு. செம்மண்ணில் சறுக்கி விழுந்தால் வரும். டிங்சர் போட்டால் போகும்.

இன்று அதே நகரத்தில் நான் ஃபிசியோதெரபிஸ்ட். முழங்கை வலியோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள். தச்சர், சமையல் மாஸ்டர், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர். டென்னிஸ் ஆடுகிறவர்களோ பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், கூடவே அம்மாவோ அப்பாவோ. இந்த ஐம்பது ஆண்டுகளில் மட்டையின் கனம் குறைந்துவிட்டது, காயத்தைப் பற்றிய அறிவு பல மடங்கு பெருகிவிட்டது. வலி மட்டும் வயதில் கீழே இறங்கி வந்திருக்கிறது.

அந்தக் காலத்து மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் முழங்கை ஏன் வலித்தது என்று தெரியும். முழுக்க மரம், கட் என்கிற இழை போட்ட பிறகு 380 கிராம் வரை கனக்கும். பந்தைச் சந்திக்கும் முகப்போ 65 முதல் 70 சதுர அங்குலம்தான். நடுவில் பட்டால் சுகம். இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டால் அதிர்ச்சி முழுவதும் கைப்பிடி வழியாக முன்கைக்கு ஏறும். ஆடி முடித்ததும், நான்கு மூலையிலும் திருகாணி உள்ள மரச்சட்டத்துக்குள் மட்டையை வைத்து முறுக்க வேண்டும். அதற்கு பிரஸ் என்று பெயர். முறுக்காமல் விட்டால் ஐப்பசி மழையில் மட்டை கோணிக்கொள்ளும். மட்டைக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட அதைப் பிடித்த கைக்கு அன்று யாரும் காட்டவில்லை.

எங்கள் கிளப்பில் மார்க்கர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் அண்ணன். உறுப்பினர்களோடு ஜோடி சேர்ந்து ஆடுவதும், ஆள் குறைந்தால் எதிரே நின்று பந்தடித்துக் கொடுப்பதும் அவர் வேலை. விடிந்ததும் வருகிறவரும் அவரோடுதான் ஆடுவார், விளக்குப் போடுகிற நேரத்தில் வருகிறவரும் அவரோடுதான் ஆடுவார். அவருடைய வலது முன்கை இடது கையைவிடப் பார்வைக்கே தடியாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களின் கைகளை எக்ஸ்ரே எடுத்து 1977-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் ஆண்களுக்கு மற்றக் கையைவிட ஏறத்தாழ 35 சதவீதம் தடித்திருந்தது. எலும்பு அப்படித் தன்னைத் தயார் செய்துகொள்ளும். அதன் முனையில் ஒட்டியிருக்கும் தசைநாணுக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

அண்ணனுக்கு பேக்ஹேண்டு அடிக்கும்போதெல்லாம் முகம் சுருங்கும். பழைய சைக்கிள் ட்யூபில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டி, முழங்கைக்குச் சற்றுக் கீழே, சதை திரண்ட இடத்தில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார்.

"எதுக்குண்ணே இது?"

"இது இருந்தா கொஞ்சம் தாங்குதுடா தம்பி. கழட்டினா கை வேற ஆளோட கை மாதிரி இருக்கு."

யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கைக்கு எது இதமோ அதைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் அதே இடத்தில், ஏறக்குறைய அதே அகலத்தில் பட்டை கட்டும் முறையைப் பரப்பியதும் அந்தக் காலகட்டத்தில்தான். தசை விரியும் இடத்தை அழுத்திப் பிடித்தால், எலும்பில் ஒட்டிய முனைக்குப் போகும் இழுவிசை குறைகிறது. இன்று மருந்துக்கடையில் பெட்டிக்குள் வைத்து விற்கும் அந்தப் பட்டையை நான் எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் அண்ணனின் சைக்கிள் ட்யூப்தான் ஞாபகம் வரும்.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில், ஒரு கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒட்டியிருக்கின்றன. ஒற்றைக் கை பேக்ஹேண்டில் தோளும் இடுப்பும் திரும்பாமல், முழங்கையை முன்னே நீட்டி, மணிக்கட்டு மடங்கிய நிலையில் பந்தைச் சந்தித்தால் அடியின் விசை முழுவதும் அந்தச் சிறிய இடத்தில் இறங்கும். பழகிய ஆட்டக்காரரின் மணிக்கட்டு பந்து படும் நேரத்தில் சற்று நிமிர்ந்திருக்கும். புதியவரின் மணிக்கட்டு மடங்கும். நாற்பது வயதில் வாரம் நாலு நாள் ஆட வருகிறவர்களுக்கு இந்த வலி அதிகம் வந்ததற்கு இதுவே காரணம். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போன ராமநாதன் கிருஷ்ணனின் பெயரைச் சொல்லித்தான் எங்கள் பெரியவர்கள் ஆட்டம் கற்றுக்கொடுத்தார்கள். பந்தை வலுவால் அடிக்காதே, உடம்பைத் திருப்பி அனுப்பி வை என்பார்கள். அது முழங்கைக்கும் நல்ல பாடம் என்பது ஃபிசியோதெரபி படித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

அன்றைய வைத்தியத்தைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அது உடம்புக்கு என்ன செய்தது என்பதை மறைக்கவும் முடியாது. கணுக்கால் பிசகினால் புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போடுவார்கள். அது யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. எலும்பு முறிந்தால் புத்தூருக்கு வண்டி பிடிப்பார்கள், முட்டை வெள்ளைக்கருவோடு கட்டுக் கட்டிக்கொண்டு திரும்புவார்கள். தொல்லை வந்தது சுளுக்கு வழிப்பதில்தான். ஒரு வக்கீல் வலையை நோக்கி ஓடியவர் சட்டென்று நின்று, திரும்பி, "எவன்டா பந்தால அடிச்சது?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். யாரும் அடிக்கவில்லை. ஆடுசதையின் உட்புறத் தசை கிழிந்திருந்தது. கிழிகிற கணத்தில் பின்னாலிருந்து எதுவோ தாக்கியதுபோலத்தான் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர்களே டென்னிஸ் ஆடுபவர்களிடம் கண்டு எழுதிவைத்த காயம் அது. கிழிந்த தசையை அன்று மாலையே எண்ணெய் விட்டு அழுத்தி உருவினார்கள். மறுநாள் கால் கருநீலமாக வீங்கி, அவர் கோர்ட்டுக்கு வர மாதக்கணக்காயிற்று.

டாக்டரிடம் போனால் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. முழங்கை வலிக்குக் கார்ட்டிசோன் ஊசி போடுவார்கள், வலி மாயமாகும், மறுவாரமே ஆட வந்துவிடுவார்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் 198 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களே முன்னே நின்றார்கள். ஓராண்டு முடியும்போது அவர்களில் பலருக்கு வலி திரும்பியிருந்தது. பயிற்சி செய்தவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள், ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களும் அப்படியே. இது அழற்சி அல்ல, தசைநாண் இழைகளே சிதைந்து ஒழுங்கு கெட்டுப்போகும் கோளாறு என்று 1979-லேயே அறுவை மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊர் ஊசிக்கு வந்துசேர ஒரு தலைமுறை பிடித்தது. ஐஸ் கதையும் இதே மாதிரிதான். காயம் பட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கி வை என்று 1978-ல் ஒரு வாய்ப்பாடு தந்தவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் அவரே திருத்தி எழுதினார். தன் பெயரால் உலகமெல்லாம் பரவிய ஒன்றைத் தானே திருத்திய அந்த மருத்துவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அண்ணனும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்தான். ஊசிகள் நின்ற பிறகு அவர் கை கடைசிவரை சரியாகவில்லை. கிணற்றடியில் குடத்தை இடது கையால்தான் தூக்குவார். கையை இரண்டு மாதம் ஆறவிட்டு, மெல்ல மெல்ல எடை கூட்டிப் பழக்கியிருந்தால் அது தேறியிருக்கும் என்றே நம்புகிறேன். இரண்டு மாதம் ஆடாத மார்க்கருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்?

மட்டை மாறியது 1976-க்குப் பிறகு. ஹாவர்ட் ஹெட் வடிவமைத்த பெரிய முகப்பு மட்டையும், பின்னால் வந்த கிராஃபைட்டும் மரத்தைக் காணாமல் அடித்தன. இன்று 300 கிராம் மட்டையில் 100 சதுர அங்குல முகப்பு. சிறு வயதிலேயே இரண்டு கையால் பேக்ஹேண்டு அடிக்கப் பழகுகிறார்கள். இடது கை சுமையைப் பங்கு போட்டுக்கொள்வதால் முழங்கை தப்பித்தது. இந்தியாவில் டென்னிஸ் எல்போ வீட்டுக்கு வீடு தெரிந்த நோயானது 2004-ல், அதுவும் கனமான கிரிக்கெட் மட்டை பிடித்த சச்சின் டெண்டுல்கரால்.

முழங்கை தப்பித்ததும் சுமை வேறு இடம் தேடிப் போனது. இலகுவான மட்டையை வேகமாக வீசலாம். வேகமாக வீசினால் பந்தைச் சுழற்றலாம். சுழற்றுவதற்குக் கைப்பிடியின் அடிப்பக்கம் போய்ப் பிடிக்கிறார்கள். அந்தப் பிடியில் மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் முறுக்கு வாங்குகிறது. 1997-ல் குஸ்தாவோ குவேர்த்தன் பாலியெஸ்டர் கட் போட்டுப் பிரெஞ்சு ஓப்பனை வென்ற பிறகு உலகமே அந்த விறைப்பான இழைக்கு மாறியது. அது அவரைப் போன்ற வளர்ந்தவரின் கைக்குப் பொருந்தியது. பத்து வயதுப் பிள்ளையின் மட்டையிலும் அதையே போடுகிறார்கள். 2009-ல் அமெரிக்க ஓப்பனை வென்ற டெல் போத்ரோ வலது மணிக்கட்டில் ஒன்றும் இடது மணிக்கட்டில் மூன்றுமாக அறுவை செய்துகொண்டார். சானியா மிர்சா மணிக்கட்டிலும் முழங்கால்களிலும் அறுவை கண்டு, 2013-ல் ஒற்றையர் ஆட்டத்தையே விட்டார். ஆண்டி மர்ரி 2019-ல் இடுப்பு மூட்டுக்கு உலோகம் பொருத்திக்கொண்டு ஆட வந்தார். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் தோளால் 2012-ன் பெரும்பகுதியை இழந்தார். இவர்கள் வளர்ந்தவர்கள், சம்பாதித்தவர்கள், தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தவர்கள். எனக்குக் கவலை அவர்களைப் பற்றியதல்ல.

போன கோடையில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் வந்தாள். ஐந்து மணிக்குக் கோர்ட், எட்டு மணிக்குப் பள்ளி, நான்கிலிருந்து ஏழு வரை மறுபடி கோர்ட், அதற்குப் பின் ஃபிட்னெஸ். ஞாயிற்றுக்கிழமை மேட்ச். இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் வலி. சர்வ் போடும்போது அதிகம், உட்கார்ந்தால் குறைவு.

"எங்கம்மா வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டு."

யோசிக்காமல் ஒரே புள்ளியைத் தொட்டாள். இடது காலை மட்டும் ஊன்றி நின்று மெல்லப் பின்னால் சாயச் சொன்னேன். பாதிதான் சாய்ந்திருப்பாள், கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது, கண் அம்மாவைப் பார்த்தது. வலிக்கிறது என்று சொல்லலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்கிற பார்வை அது. ஒரு குழந்தை அதற்கு அனுமதி கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறதே என்பதுதான் என்னை உலுக்கியது.

ஸ்கேனில் கீழ் முதுகின் ஐந்தாவது எலும்பில், பின்புற வளையத்தில் அழுத்த விரிசல். சர்வ் போடும்போது, அதிலும் பந்தை உயர எழும்பவைக்கும் கிக் சர்வில், முதுகு பின்னால் வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, அதே நொடியில் முறுக்கவும் செய்கிறது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்த மெல்லிய எலும்புப் பாலத்துக்கும் ஆகிறது. வளர்கிற வயதில் எலும்பு இன்னும் முற்றவில்லை. நல்ல சர்வில் விசையின் பாதிக்கு மேல் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் எழ வேண்டும். கால் களைத்துப்போன மூன்றாவது மணி நேரத்தில் அந்தப் பாக்கியை முதுகும் தோளும் கட்டுகின்றன.

அம்மா கேட்டார்: "அடுத்த மாசம் ரேங்கிங் டோர்னமென்ட் இருக்கு சார். அதுவரைக்கும் டேப் ஏதாவது போட்டு ஓட்டிடலாமா?"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நகையை அடகு வைத்து மகளை ஊர் ஊராகக் கூட்டிப் போகிறவர் அவர். ரேங்கிங் பாயின்ட் போனால் அடுத்த போட்டிக்கு நேரடியாக நுழைய முடியாது என்று அவருக்குச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். முதுகெலும்பைப் பற்றிச் சொல்ல ஒருவர்கூட இருக்கவில்லை. மூன்று மாதம் மட்டையைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அழுதது அம்மாதான். பெண்ணின் முகத்தில் தெரிந்தது நிம்மதி.

வலியே இல்லாதவர்களின் முதுகும் எப்படி இருக்கிறது என்று 2007-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. முன்னணி இளம் ஆட்டக்காரர்கள் 33 பேர், எல்லோரும் நலமாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 28 பேரின் கீழ் முதுகில் ஏதாவது மாற்றம் இருந்தது. ஒன்பது பேருக்கு நான் மேலே சொன்ன இடத்திலேயே பாதிப்பு. எல்லா மாற்றமும் நோயாக முடிவதில்லை. ஆனால் எந்தப் பக்கம் சுமை ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். முதுகு மட்டுமா? முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது, குதிகாலின் வளர்ச்சித் தட்டில் வலிப்பது என்று வளரும் பிள்ளைகளுக்கே உரிய தொல்லைகள் வேறு. சிமென்ட் கோர்ட்டில் கால் சறுக்காமல் பிடித்து நிற்கும். செம்மண்ணில் எங்களைச் சிராய்ப்போடு விட்ட அதே சறுக்கல்தான் எங்கள் கணுக்காலையும் முழங்காலையும் காத்தது.

இந்தப் பாடத்தை டென்னிஸ் உலகம் ஒரு முறை கற்றுத்தான் இருக்கிறது. டிரேசி ஆஸ்டின் 1979-ல் 16 வயதில் அமெரிக்க ஓப்பனை வென்றார். இருபத்தொன்று ஆவதற்குள் முதுகு அவர் ஆட்டத்தை ஏறக்குறைய முடித்துவிட்டது. ஆண்ட்ரியா யேகரின் தோள் இருபது வயதுகூடத் தாண்ட விடவில்லை. இவர்களையும் இவர்களுக்குப் பின் வந்த சிறுமிகளையும் பார்த்துதான் 1995-ல் பெண்கள் டென்னிஸ் சங்கம் வயது விதியைக் கொண்டுவந்தது. 14 வயது நிறையாதவர் தொழில்முறைப் போட்டியில் ஆட முடியாது. அதன் பிறகும் ஆண்டுக்கு இத்தனை போட்டி என்று வரம்பு. நல்ல விதி. ஆனால் அது போட்டிகளை எண்ணுகிறது. விடியற்காலை கோர்ட்டில் ஒரு பிள்ளை போடும் சர்வ்களை யாரும் எண்ணுவதில்லை. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்துக்கு அனுமதி இல்லை. 25 முதல் 75 சதவீதம் வேகம் குறைந்த பச்சை, ஆரஞ்சு, சிவப்புப் பந்துகள்தான். அதையும் எங்கள் பக்கத்தில் சில அகாடமிகளில் போட்டி நாளுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற மருத்துவர் தன் குழுவோடு சுமார் 1,200 இளம் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவு, ஒவ்வொரு அகாடமிச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டியது. வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டினால் கடுமையான காயம் வரும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டு வயதுக்குப் பன்னிரண்டு மணி நேரம். என்னிடம் வந்த பெண்ணுக்கு அது இருபதைத் தாண்டியிருந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: கோச் சொல்லி ஆடும் நேரம், தானாக விளையாடும் நேரத்தைப்போல இரு மடங்கைத் தாண்டக்கூடாது. நாங்கள் பந்து பொறுக்கிய நேரம் போக மரம் ஏறினோம், கபடி ஆடினோம், கிணற்றில் குதித்தோம். யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லவில்லை. எங்கள் முதுகைக் காத்தது அந்தப் பல தினுசு ஓட்டம்தான் என்பது இன்று எனக்கு உறுதி.

கோச்சுகளிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஒரு நாளில் போடும் சர்வ்களை எண்ணுங்கள். பிள்ளை வேகமாக உயரம் கூடும் மாதங்களில் பாதியாகக் குறையுங்கள். கிக் சர்வைப் பின்னால் தள்ளிவையுங்கள். பாலியெஸ்டரை அறுத்தெறிந்துவிட்டு மென்மையான கட் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கோர்ட் பக்கமே வரவேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் பெற்றோர் கேட்பார்கள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. மேட்ச் முடிந்து காரில் ஏறும் பிள்ளையிடம் ஸ்கோரைக் கேட்பதற்கு முன் எங்கேயாவது வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆடுகிற பிள்ளை முதுகின் ஒரே புள்ளியைத் தொட்டு வலிக்கிறது என்று சொல்லி, இரண்டு வாரத்தில் அது போகவில்லை என்றால் டேப் ஒட்டாதீர்கள், தைலம் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்த விரிசல் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும். விட்டுப் பிடித்த விரிசல் பல நேரம் கூடுவதே இல்லை.